இரண்டு வட்டுகள், ஒரே கணம்

பிப்ரவரி 3

அன்புள்ள பொடிசுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஐம்பத்தேழு வயதில் இன்னும் பொடிசு என்று கூப்பிடுவது சரியா என்று கேட்டிருந்தாய். வேறு பெயர் என் வாய்க்குப் பழகவில்லை. ஆட்சேபம் இருந்தால் எழுது, யோசிக்கிறேன்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை மாடிப்படி ஏறவிடாமல் பார்த்துக்கொள்கிறாரா? போனில் என்னிடம் பேசினால் "ம்" தவிர எதுவும் வருவதில்லை என்று நீ குறைப்பட்டது நியாயம்தான். எழுதும்போது அடித்துத் திருத்த முடிகிறது. பேச்சில் அந்த வசதி இல்லை.

கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபின் சேர்ந்த கம்பெனிக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். வாரத்தில் பாதி நாள். அங்கே எல்லாரும் என் கடைசி வகுப்பு மாணவர்களைவிடச் சின்னவர்கள். போன வாரம் உன் அண்ணி திடீரென்று கேட்டாள், "அங்க போய் அப்படி என்னதான் செய்றீங்க?" என்று. நான் சொன்ன விளக்கத்தை இங்கே எழுதுகிறேன். நீ அதே துறையில் இருப்பவள், தவறு இருந்தால் சொல்.

"ஒரு பெரிய கணினிக்குள்ள பல கணினி இருக்கிற மாதிரி நடத்தலாம். நிஜத்துல தனித்தனிப் பெட்டி கிடையாது. ஒவ்வொண்ணோட வட்டும், அதான் எல்லாத்தையும் எழுதி வைக்கிற டிஸ்க், ஒரு பெரிய கோப்பு, அவ்வளவுதான். அந்த வட்டுக்கு நகல் எடுத்து வைக்கணும். ஆனா நகல் எடுக்கும்போது கணினியை நிறுத்தக் கூடாது."

"எழுதிட்டே இருக்கிறவனோட நோட்டைப் பார்த்து காப்பியடிக்கிறதா?"

"கிட்டத்தட்ட அதேதான். அதனால ஒரு கணத்தை மட்டும் பிடிச்சு நிறுத்தி வெச்சுக்கணும். அவன் பாட்டுக்கு எழுதிட்டுப் போகட்டும். அந்தக் கணத்துல என்ன இருந்துச்சோ அதை மட்டும் நாம படிச்சு எடுப்போம்."

"இதுல உங்க வேலை எது?"

"நகல் எடுக்கிற நிரலை வெளியில யாரோ எழுதுவாங்க. அவங்க வந்து கேக்க ஒரு ஜன்னல் வேணும். என்ன கேக்கலாம், எப்படிக் கேக்கணும், என்ன பதில் வரும்னு ஜன்னல் பக்கத்துல பலகை மாட்டணும். அந்தப் பலகையை நான் எழுதறேன்."

"பலகை எழுதவா டாக்டர் பட்டம் வாங்கினீங்க?"

ஆனாலும் பலகை எழுதுவது லேசான காரியம் இல்லை. 'தொடங்கு' என்றால் கணத்தைப் பிடிக்க வேண்டும். 'மாறியவை' என்றால் போன நகலுக்குப் பிறகு வட்டில் எந்தக் கட்டங்கள் மாறின என்று சொல்ல வேண்டும். 'படி', 'முடி' இவை உனக்கே புரியும். எதுவுமே மாறவில்லை என்றால் வெறும் பட்டியலைக் கொடுப்பதா, 'மாற்றம் இல்லை' என்று தனியாகச் சொல்வதா என்று நான் ஒரு வாரம் யோசித்தேன். எங்கள் குழுத் தலைவியை எல்லாரும் கேப்டன் என்றுதான் அழைக்கிறோம். கேப்டன் சொன்னாள்: "சார், ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லைன்னு குடுங்க. அதுக்கு ஏன் இவ்ளோ வருத்தம்?"

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் ஒவ்வொரு முடிவையும் படித்துவிட்டு, "யாருக்காவது மறுப்பு?" என்று கேட்டபடி ஒரு கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவாள். ஐந்தும் மடங்கிவிட்டால் அந்த முடிவு எல்லாருடையது. என் நீளமான குறிப்புகளால் கூட்டங்கள் இழுத்துக்கொண்டே போனதால்தான் இதைக் கொண்டுவந்தாள் என்று நினைக்கிறேன்.

நேற்று அப்படி மடங்கிய முடிவுகளில் ஒன்று மனதை உறுத்துகிறது. 'தொடங்கு' என்பது ஒரு நேரத்தில் ஒரு வட்டைத்தான் வாங்கும். கணினிக்கு இரண்டு வட்டு இருந்தால் இரண்டு முறை கேட்க வேண்டும். இரண்டு கேள்விக்கும் நடுவில் கணினி சும்மா இருக்காதே என்று தோன்றியது. கேப்டனின் சுண்டுவிரல் மடங்கும்வரை வாயைத் திறக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மடங்கிவிட்டது. அவர்கள் யோசிக்காமல் செய்திருக்க மாட்டார்கள். அடிக்குறிப்பாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

மாதக் கடைசியில் பலகையை வெளியிடுகிறோம். அதன்பின் மாற்ற முடியாது. மாற்றினால், அதை நம்பி வெளியில் எழுதிய நிரல்கள் எல்லாம் உடைந்துபோகும்.

வேறு விசேஷம் இல்லை. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
அண்ணன்

•

பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆட்சேபம் ஒன்றும் இல்லை. பொடிசு என்றே கூப்பிடுங்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்தால் மட்டும் வேண்டாம். கணினி அறையில் என்னைப் பார்த்துப் பயப்படுகிற இரண்டு பேர் இருக்கிறார்கள், அதுவும் போய்விடும்.

முழங்கால் பரவாயில்லை. உங்கள் மாப்பிள்ளை என்னைப் படியேறவிடுவதில்லை, அதனால் மாடியில் துணி காயப்போடுவது அவர் வேலையாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் வலிக்கட்டும் என்று இருக்கிறேன்.

அண்ணியிடம் நீங்கள் சொன்ன விளக்கத்தில் தவறு எதுவும் இல்லை. ஜன்னலும் பலகையும் எனக்கே பிடித்தது. சரியான சமயத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பழைய ஏற்பாட்டை மாற்றப்போகிறார்கள். கணினிகளை நடத்துவது, நகல் எடுப்பது எல்லாம் புதிதாக வாங்குவதாகத் திட்டம். மேஜையில் இருக்கும் பட்டியலில் முதல் பெயர் எது தெரியுமா? உங்கள் கம்பெனி.

கண்காணிப்பாளர் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க சொல்லுங்கம்மா. நீங்க சரின்னா நான் கையெழுத்துப் போடறேன், இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை" என்றார். அவருக்குக் கணினி என்றால் அலர்ஜி. நான் சொன்னால் அப்படியே கேட்டுக்கொள்வார். அதுதான் எனக்குக் கொஞ்சம் பயம்.

ஆனால் பலகை எழுதுகிறவர் என் அண்ணன் என்றால் பயம் எதற்கு? ஒரே ஒரு கேள்வி: எடுக்கலாமா, வேண்டாமா? இரண்டில் ஒரு சொல் எழுதினால் போதும். மிச்சக் காகிதத்தில் அண்ணியின் சமாச்சாரம் எழுதுங்கள்.

அன்புடன்,
பொடிசு

•

பிப்ரவரி 14

அன்புள்ள பொடிசுக்கு,

நீ கேட்ட கேள்வி எளிமையாகத் தெரிந்தாலும் அதை இரண்டு மூன்று கோணங்களில் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒருவகையில் பார்த்தால் எங்கள் ஏற்பாடு நல்லது. நகல் எடுக்கும்போது ஓடுகிற கணினிக்குச் சுமை குறைவு. மாறிய கட்டங்களை மட்டும் எடுப்பதால் நேரமும் மிச்சம். இந்தப் பகுதியை எழுதிய பையன்கள் கெட்டிக்காரர்கள்.

இன்னொரு வகையில், போன கடிதத்தில் சொன்ன அந்த ஒரு வட்டு விஷயம் இருக்கிறது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாமா என்பது தெளிவாகத் தெரியவில்லை. பெரும்பாலான கணினிகளுக்கு ஒரு வட்டுதான். இரண்டு இருந்தாலும் இரண்டு கேள்விக்கும் இடையில் உள்ள நேரம் மிகக் குறைவு. சாதாரண நாளில் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். வேலை நெருக்கடியாக இருக்கும் நாளில் கூடலாம். எவ்வளவு கூடும் என்பதைச் சொல்வதற்கில்லை. நகல் எடுக்கும்போது மட்டும் கணினியைச் சற்று நிறுத்திவைத்தால் பிரச்சினையே இல்லை என்றும் வாதிக்கலாம். அடிக்குறிப்பில் அதைத்தான் எழுதியிருக்கிறேன். அது போதுமானதா என்பது பயன்படுத்துவோரைப் பொறுத்தது.

ஆகவே பொதுவாக நல்லது என்றும், சில சூழ்நிலைகளில் கவனம் தேவை என்றும் கொள்ளலாம். உன் கணினிகளில் இரண்டு வட்டு உள்ளவை உண்டா?

உன் அண்ணி நலம். "ஆபீஸ்ல பேச வேண்டியதை அடியில சின்ன எழுத்துல எழுதிட்டு, வீட்டுல வந்து என்கிட்ட முனகுறீங்க" என்கிறாள்.

அன்புடன்,
அண்ணன்

•

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டு ஒரு தடவை, உட்கார்ந்து ஒரு தடவை படித்தேன். உங்கள் மாப்பிள்ளையிடமும் கொடுத்தேன். படித்துவிட்டு, "மழை வருமா வராதா?" என்றார். நீங்கள் அனுப்பியது பதில் இல்லை அண்ணா, வானிலை அறிக்கை.

வட்டு பற்றிக் கேட்டீர்கள். ரத்த வங்கிக் கணினிக்கு இரண்டு வட்டு. யாரோ எப்போதோ வேகத்துக்காகப் பிரித்துவைத்தது. ஒன்றில் குளிர்பெட்டியில் எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது என்ற இருப்பு. இன்னொன்றில் எந்தப் பை எந்த நோயாளிக்குப் போனது என்ற பதிவு.

நிறுத்திவைக்கலாம் என்கிறீர்கள். எப்போது? செவ்வாய்க்கிழமை பழைய இயந்திரம் மத்தியானம் கொஞ்சம் திணறியது. ரத்த வங்கிப் பெண் ஓடி வந்தாள்.

"மேடம், திரை அப்படியே நிக்குது."

"ரெண்டு நிமிஷம் பொறும்மா, வந்துடும்."

"ரெண்டு நிமிஷமா? தியேட்டர்ல வயித்தைத் திறந்து வெச்சுட்டு என்கிட்ட பை கேக்கறாங்க. நீங்களே போய் அவங்ககிட்ட ரெண்டு நிமிஷம்னு சொல்லுங்க."

இங்கே காலை, மாலை, விடுமுறை எதுவும் கிடையாது. இப்படி ஒரு வேளையில்தான் உங்கள் ஜன்னலில் ஒருவன் வந்து இருப்பு வட்டைக் கேட்கிறான் என்று வையுங்கள். கடைசி இரண்டு பை பெட்டியில் இருக்கின்றன என்று அதில் இருக்கும். அடுத்து அவன் பதிவு வட்டைக் கேட்பதற்குள் அந்தப் பைகள் ஒரு நோயாளிக்குப் போய்விடும், பதிவிலும் அது ஏறிவிடும். பிறகு ஒருநாள் இயந்திரம் கெட்டு, நான் அந்த நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்டு எடுக்கிறேன். இருப்பு ஒன்று சொல்லும், பதிவு இன்னொன்று சொல்லும். டாக்டர் பார்ப்பது இருப்பை. இரண்டு பை இருக்கிறது என்று நம்பிக் கத்தியை எடுப்பார். பெட்டியைத் திறந்தால் ஒன்றும் இருக்காது.

இதைத்தான் நீங்கள் 'சில சூழ்நிலைகளில் கவனம் தேவை' என்று எழுதியிருக்கிறீர்களா? அல்லது நான் பயந்துபோய் அதிகமாகக் கற்பனை செய்கிறேனா? உள்ளே எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு வெளியிலிருந்து பலகைதான் தெரிகிறது.

நான் மறுபடி கேட்கப்போவதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலை டாக்டர் என்னைக் கூப்பிடுவார். அதற்குள் உங்களிடமிருந்து வேண்டாம் என்று வராவிட்டால் எடுக்கலாம் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆபீஸ் வழக்கப்படியே இருக்கட்டும். நானும் விரலை மடக்குகிறேன்.

கோபம் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் இருக்கிறது.

அன்புடன்,
பொடிசு

•

பிப்ரவரி 25

அன்புள்ள பொடிசுக்கு,

வேண்டாம். எடுக்காதே.

நீ அதிகமாகக் கற்பனை செய்யவில்லை. நீ எழுதியது அப்படியே நடக்கும். உன் டாக்டருக்குப் புரியும்படி சொல்வதானால்: குடும்பமாக நிற்பவர்களை ஒரே படமாக எடுக்காமல், ஒருவரைக் காலையிலும் ஒருவரை மாலையிலும் எடுத்து, வெட்டி ஒட்டி, இது குடும்பப் படம் என்று கொடுப்பது போன்றது. தனித்தனியே பார்த்தால் இரண்டு படமும் சரி. சேர்ந்தாற்போல் அவர்கள் அப்படி ஒருபோதும் நின்றதில்லை. எல்லா வட்டுகளையும் ஒரே கேள்வியில் வாங்கி, ஒரே கணத்தில் பிடிக்க வேண்டும். எங்கள் பலகையில் அதைக் கேட்கவே வழி இல்லை. இல்லாத வழியை வெளியில் இருப்பவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் எழுதிக்கொள்ள முடியாது. அடிக்குறிப்பு எதையும் காப்பாற்றாது.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அன்றே பதில் போட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் உப்பைத் தின்றுகொண்டு அவர்களுக்குத் தெரியாமல் உனக்கு எழுதக் கூடாது என்று தோன்றியது. முதலில் கேப்டனிடம் சொல்வது, பிறகு உனக்கு எழுதுவது என்று வரிசை வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை முடியவில்லை. செவ்வாயும் முடியவில்லை. இன்று மத்தியானம் அவள் மேஜையில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டித் தண்ணீர் பிடிக்கப் போனேன், வந்தேன், மறுபடி போனேன்.

"சார், இன்னிக்கு என்ன இவ்ளோ தாகம்?"

"ஒரு விஷயம்."

"சொல்லுங்க."

"பலகை தப்பு."

"எது, கட்டளையோட பேரா? பேரை மறுபடி மாத்தாதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பேர் இல்ல. 'தொடங்கு' ஒரு வட்டைத்தான் வாங்குது. எல்லாத்தையும் சேர்த்து வாங்கணும்."

"அதான் அடிக்குறிப்புல போட்டிருக்கீங்களே."

"அடிக்குறிப்பை யார் படிக்கிறா?"

"நான் படிச்சேன்."

"படிச்சுட்டு என்ன செஞ்சீங்க?"

நான் இப்படிக் கேட்பேன் என்று எனக்கே தெரியாது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அஞ்சு விரலை மடக்கினேனே சார். அப்ப எங்க இருந்தீங்க?"

"உங்களுக்கு எதிர்லதான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. உன் ஆஸ்பத்திரியைப் பற்றியும் ரத்தப் பைகளைப் பற்றியும் சொன்னேன். சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. நடுவில் ஒருமுறை இருப்பையும் பதிவையும் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

"அந்த ஆஸ்பத்திரியா? இந்த வருஷம் நமக்கு வர வேண்டிய பெரிய வேலையே அதுதான். அங்க இருக்கிறது உங்க தங்கச்சியா?"

"ஆமா."

"அப்போ கொஞ்சம் பக்குவமா எடுத்துச் சொல்லலாமே."

"நான் சொன்னா அவ நம்பிடுவா. அதான் சொல்ல முடியல."

"எழுதிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. உங்ககிட்ட சொல்லிட்டு எழுதலாம்னு."

"நான் எழுதாதீங்கன்னு சொன்னா?"

"எழுதிடுவேன்."

அவள் ஆப்பிளைப் பார்த்துக்கொண்டு, "சரி சார், போங்க" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன் அண்ணியிடம் சொன்னேன். "போனா போகட்டும், காய் நறுக்க எனக்கும் ஆள் வேணும்" என்றாள்.

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேருமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சந்தேகம்தான். அன்று காலை போன் செய்கிறேன். போனில் நான் எப்படி என்று உனக்குத் தெரியும், பொறுத்துக்கொள். முதல் வரியில் எழுதியிருப்பதைத்தான் சொல்ல முயற்சி செய்வேன்.

அன்புடன்,
அண்ணன்

•

மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் இன்று வந்தது.

வெள்ளிக்கிழமை நடந்ததை என் பக்கத்திலிருந்தும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டரின் அறைக்குப் போக எழுந்தபோது போன் வந்தது. உங்கள் எண்ணைப் பார்த்ததும் அண்ணிக்கு என்னவோ என்று பதறிவிட்டேன். நீங்களாகப் போன் செய்து எத்தனை காலம் ஆயிற்று. "சாப்பிட்டியா?" என்றீர்கள். ஆச்சு என்றேன். "ம்" என்றீர்கள். "என்னண்ணா?" என்றேன். அதற்கும் "ம்". பிறகு சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து வைக்கப் போனேன்.

"வேண்டாம்மா" என்றீர்கள்.

"ஏன்?"

"கடிதத்துல எழுதியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள்.

அப்படியே உள்ளே போனேன். டாக்டர் பேனாவைத் திறந்துவைத்திருந்தார்.

"சரிதானேம்மா?"

"வேண்டாம் சார்."

"காரணம்?"

"காரணம் தபால்ல வருது சார்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யார் அனுப்பறது?" என்றார். அந்தக் கம்பெனியில் இருக்கிற என் அண்ணன் என்றேன். "அந்தக் கம்பெனிக்காரரே வேண்டாங்கறாரா?" என்றார். ஆமாம் என்றேன். பேனாவை மூடினார். "அப்ப தபால் வரட்டும்" என்றார். இன்று அவரிடம் குடும்பப் பட விஷயத்தைப் படித்துக்காட்டினேன். கணினி சமாச்சாரம் ஒன்று அவருக்குப் புரிந்தது இதுதான் முதல் தடவை. தானே கண்டுபிடித்ததுபோல் இரண்டு டாக்டர்களிடம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை உங்கள் கேப்டன் என்னைப் போனில் கூப்பிட்டாள். கோபமாகத்தான் இருந்தாள். ரத்த வங்கியில் என்னதான் நடக்கிறது என்று குறுக்குக் கேள்வியாகக் கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. நீங்கள்தான் பேசுகிறீர்களோ என்று இருந்தது. பிறகு பலகையை இந்த மாதம் வெளியிடவில்லை என்றாள். எல்லா வட்டுகளையும் சேர்த்துக் கேட்கும்படி மாற்ற வேண்டுமாம், அதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று அவளுக்கே தெரியவில்லையாம். மேலிடத்தில் அவளைப் போட்டு வறுத்தெடுக்கிறார்கள் போலிருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அது நீங்கள் கேட்க வேண்டியது. தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் கேட்டுவிடுங்கள்.

நாங்கள் வேறு ஏற்பாடு பார்க்கப் போகிறோம். உங்களுடையது தயாரானால் மறுபடி மேஜைக்கு வரட்டும். அப்போதும் உங்களிடம்தான் கேட்பேன்.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். நீங்கள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் எடுக்கலாம் என்று சொல்லிவிடுவேன் என்று எழுதினேன் அல்லவா. வீராப்பாக எழுதிவிட்டேனே தவிர, வியாழக்கிழமை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் பேச்சை நம்பி இருந்துவிடலாம், நீங்கள் பேசாததை நம்பி அந்தக் குளிர்பெட்டியைத் திறக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. போன் வராமலே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்னும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லாமல் செய்துவிட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை நான் பதில் சொல்வதற்குள் நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். அன்று சொல்ல வாயெடுத்ததை இதில் எழுதுகிறேன்.

சரிண்ணா.

பொடிசு